‘அப்பா எம்பேர எழுதினாரா மாமா?’

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும், நான் கம்ப்யூட்டரைப் பற்றி எழுதுகிற ஆள் இல்லை. விருத்தாசலத்து மாசி மகம், மணிமுத்தாற்று வெள்ளம், பழைய ஆபீஸ் கதைகள், இப்படித்தான் என் பொழுது ஓடுகிறது. இந்த முறை கொஞ்சம் கம்ப்யூட்டர் வருகிறது. பயந்து மூடிவிடாதீர்கள். கடைசியில் பார்த்தால் இதுவும் ஒரு பழைய ஆபீஸ் கதைதான்.

கம்மாபுரம் பக்கத்து ஓய்வூதியர்கள் சிலர் சேர்ந்து ஒரு சிறிய சங்கம் வைத்திருக்கிறோம். நூற்று முப்பது சொச்சம் பேர். மாதம் ஒரு கூட்டம், ஒரு டீ, இரண்டு பிஸ்கட். உறுப்பினர் யாராவது காலமானால் குடும்பத்துக்குப் பத்தாயிரம் ரூபாய் உடனே கொடுத்துவிடுவோம். பெரிய தொகை இல்லை. ஆனால் அந்த நேரத்தில் கையில் வரும் பத்தாயிரத்துக்குத் தனி மதிப்பு உண்டு. யார் கையில் கொடுப்பது என்று உறுப்பினர் முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருப்பார். அந்தக் கணக்கை வைத்திருப்பது செயலாளர். செயலாளர் நான்.

பல வருடம் நீளமான அட்டை போட்ட நோட்டில்தான் எழுதி வந்தோம். 2019-ல் என் மகள் வயிற்றுப் பேரன், சிதம்பரத்தில் படித்துவிட்டுச் சென்னையில் வேலை பார்க்கிறவன், பொங்கலுக்கு வந்தபோது நோட்டைப் பார்த்துச் சிரித்தான். “என்ன தாத்தா, இன்னும் பேனாவா?” என்றான். இரண்டு நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் என் மடிக்கணினியில் ஏற்றிவிட்டுப் போனான். போஸ்ட்கிரெஸ் என்று ஒரு மென்பொருள், இலவசம். நான் தொண்ணூறுகளில் விருத்தாசலத்தில் ஒரு சென்டரில் ஃபாக்ஸ்புரோ கற்றுக்கொண்டவன். அதனால் மிரளவில்லை. திருத்தம் செய்ய நாலு கட்டளைகளை ஒரு நோட்டில் எழுதி வாங்கிக்கொண்டேன். பெயரை மட்டும் மாற்றிப் போட்டால் போதும் என்றான்.

இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். கம்ப்யூட்டரில் பதிவேடு என்பது நம் பழைய பதிவேடு போலத்தான். குறுக்கே வரிசைகள், நெடுக்கே பத்திகள். ஒரு வரிசைக்கு ஓர் ஆள். ஒரு கட்டத்துக்கு ஒரு விவரம். இந்த முறைக்குக் கோட்பாடு வகுத்தவர் ஐபிஎம் கம்பெனியில் இருந்த எட்கர் காட் என்ற கணித அறிஞர். 1970-ல் ஒரு கட்டுரையாக எழுதினார். ஒரு கட்டத்துக்குள் இன்னொரு பட்டியலைத் திணிக்காதே என்பது அவர் சொன்ன முதல் ஒழுங்கு.

ஆனால் குடும்பம் என்பது கட்டத்துக்குள் அடங்குகிற சமாச்சாரமா? ஒருவருக்கு ஒரு பிள்ளை, ஒருவருக்கு ஐந்து. ஒருவருக்கு மனைவி இல்லை, ஒருவருக்கு மனைவியின் அம்மாவும் கூட இருக்கிறார். எல்லாருக்கும் பத்து பத்தி போட்டால் பாதி காலியாகக் கிடக்கும். அதனால் பேரன் ‘குடும்பம்’ என்று ஒரே ஒரு கட்டம் வைத்தான். அதற்குள் அஞ்சறைப் பெட்டி மாதிரி உள்ளறைகள். மனைவி என்றோர் அறை, அதற்குள் பெயர், கைபேசி எண். பிள்ளைகள் என்றோர் அறை, அதற்குள் வரிசையாகப் பெயர்கள். நியமனதாரர் என்றோர் அறை, அதற்குள் பெயர், உறவு. இப்படிப் பெட்டிக்குள் பெட்டியாக எழுதும் முறைக்கு ஜேசான் என்று பெயர். டக்ளஸ் கிராக்ஃபோர்டு என்பவர் 2000-ஆம் ஆண்டை ஒட்டிப் பரவச் செய்த முறை. போஸ்ட்கிரெஸ் 2012-லிருந்து இதைக் கட்டத்துக்குள் வைக்க இடம் கொடுத்தது. உள்ளறையில் இருப்பதை மட்டும் திருத்துவதற்கான ‘ஜேசான்பி செட்’ என்ற கட்டளை 2016 ஜனவரியில் வந்த 9.5 பதிப்பில்தான் வந்தது. காட் வேண்டாம் என்றதைக் காலம் திரும்பக் கொண்டுவந்துவிட்டது.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

2023 பிப்ரவரி 9-ஆம் தேதி என் நண்பர் ஒருவர் வந்தார். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். மனைவி காலமாகி ஒரு வருடம் ஆகியிருந்தது. மகன் வெளியூரில். மகள்தான் இரண்டு தெரு தள்ளியிருந்து காலையும் மாலையும் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்துப் பார்த்துக்கொண்டாள். அவர் ஒரு தாளில் தன் கைப்பட இரண்டு விண்ணப்பம் எழுதிக் கொண்டுவந்தார். நியமனதாரராக மகன் பெயரை எடுத்துவிட்டு மகள் பெயரைப் போட வேண்டும். மனைவியின் கைபேசி எண்ணை நீக்க வேண்டும். “அந்த நம்பருக்கு உங்க மெசேஜ் வருதாம்யா. இப்ப அது யார்கிட்டயோ இருக்கு போல. போன் பண்ணித் திட்டுறான்” என்றார்.

அவர் எதிரிலேயே செய்தேன். முதலில் நியமனதாரர். மகள் பெயர் விழுந்தது. அவருக்குத் திரையில் காட்டினேன். கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். டீ குடித்தார். போய்விட்டார். அதற்குப் பிறகு இரண்டாவது திருத்தம். மனைவி என்ற அறையில் கைபேசி எண்ணைக் காலி செய்ய வேண்டும். காலி என்பதற்கு ‘நல்’ என்று போட வேண்டும் என்பது எனக்குத் தெரியும். போட்டேன். “ஒரு வரிசை திருத்தப்பட்டது” என்று மெஷின் சொன்னது. சரி என்று மூடி வைத்தேன்.

ஜூன் மாதம் அவர் காலமானார். கருமாதி எல்லாம் முடிந்து மகள் வந்தாள். கையில் இறப்புச் சான்றிதழ். நான் மடிக்கணினியைத் திறந்து அவர் வரிசைக்குப் போனேன். உறுப்பினர் எண் இருக்கிறது, பெயர் இருக்கிறது, சேர்ந்த தேதி இருக்கிறது. குடும்பம் என்ற கட்டம் மட்டும் வெறுமையாக இருக்கிறது. மனைவி இல்லை, பிள்ளைகள் இல்லை, நியமனதாரர் இல்லை. துடைத்து வைத்த தட்டு மாதிரி.

“இதுல ஒண்ணும் காணோமேம்மா” என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

அந்தப் பெண் ஒரு நிமிஷம் பேசவில்லை. பிறகு சொன்னாள். “பணம் கெடக்கட்டும் மாமா. அப்பா எம்பேர எழுதிக் குடுத்துட்டேன்னு சொன்னாரு. அண்ணன் அப்படியெல்லாம் எழுதியிருக்க மாட்டாருங்குது. நெசமாவே அப்பா எம்பேர எழுதினாரா மாமா?”

எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, எழுதினார் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் முப்பது வருடத்துக்கு மேல் ஆபீசில் இருந்தவனுக்குத் தெரியும், செயலாளருடைய நினைவு ஆவணம் ஆகாது. நாளைக்கு அண்ணன் வந்து “மாமா தங்கச்சி பக்கம் பேசுறார்” என்றால் அதற்குப் பதில் இல்லை. “நாளைக்கு வாம்மா, எடுத்து வைக்கிறேன்” என்றேன்.

இரவு பேரனுக்குப் போன் போட்டேன். நான் என்ன தட்டினேன் என்பதை எழுத்து எழுத்தாகப் படிக்கச் சொன்னான். படித்தேன். “தாத்தா, நல்-ஐ மேற்கோள்குறிக்குள்ள போட்டீங்களா?” என்றான். இல்லை என்றேன். அவன் மூச்சு விட்ட சத்தம் எனக்குக் கேட்டது.

விஷயம் இதுதான். மேற்கோள்குறிக்குள் போட்டால் ‘இந்த அறை காலி’ என்று பொருள். மேற்கோள்குறி இல்லாமல் போட்டால் அது ‘ஒன்றுமே தெரியாது’ என்று பொருள்படுகிற தரவுத்தளத்து வெறுமை. அந்தக் கட்டளைக்குக் கொடுக்கிற எந்த ஒன்று அப்படி வெறுமையாக இருந்தாலும் விடையும் வெறுமைதான். உள்ளறையைக் காலி செய்யச் சொன்னவனுக்குப் பெட்டியையே காலி செய்து கொடுத்துவிட்டது. பிழை என்றுகூடச் சொல்லவில்லை. அதன் கணக்கில் ஒரு வரிசை திருத்தப்பட்டது, அவ்வளவுதான். என்னைப்போல் இதில் விழுந்தவர்கள் நிறையப் பேராம். அதனால் 2020-ல் வந்த 13-ஆம் பதிப்பில் இந்த வெறுமையை என்ன செய்வது என்று நாமே சொல்லுகிற மாதிரி வேறொரு கட்டளையும் சேர்த்திருக்கிறார்கள். என் நோட்டில் இருந்தது பழைய கட்டளை.

பேரன் ஒவ்வொரு மாதமும் முதல் தேதி ஒரு பிரதி தானாக எடுத்து வைக்கும்படி செய்திருந்தான். ஆறு மாதப் பிரதிகள்தான் இருக்கும். ஏழாவது வந்தால் பழையது போய்விடும். மார்ச் முதல் ஜூன் வரை நாலு பிரதியிலும் கட்டம் வெறுமை. பிப்ரவரி 1-ஆம் தேதிப் பிரதியில் குடும்பம் முழுதாக இருந்தது. ஆனால் அது அவர் வந்து மாற்றுவதற்கு எட்டு நாள் முந்தையது. அதில் நியமனதாரர் மகன்.

யோசித்துப் பாருங்கள். கம்ப்யூட்டர் சாட்சி மட்டும் போதும் என்றால் அன்றைக்குப் பத்தாயிரம் மகனுக்குப் போயிருக்கும். அப்பா என் பேரை எழுதவில்லை என்ற நினைப்போடு அந்தப் பெண் மிச்ச ஆயுளைக் கழித்திருப்பாள்.

நண்பர் கைப்பட எழுதின அந்தத் தாள்? வேலை முடிந்தபின் கிழித்துப் போடுகிற பழக்கம் எனக்கு இல்லை. முடிந்த கடிதங்களை வருடவாரியாக நாடா போட்டுக் கட்டி, கட்டிலுக்கு அடியில் தகரப் பெட்டியில் வைப்பேன். அதற்காக வீட்டில் எனக்குக் கிடைக்கிற அர்ச்சனை தனி. ராத்திரி பதினொரு மணிக்கு அதை இழுத்துப் போட்டுத் தேடினேன். கிடைத்தது. தேதி, கையெழுத்து, மகள் பெயர், எல்லாம் இருந்தது.

மறுநாள் அந்தப் பெண் வந்தபோது பணத்தை முதலில் கொடுக்கவில்லை. தாளைத்தான் கொடுத்தேன். அவள் படித்தாள். அவர் எழுத்து கொஞ்சம் கோணலாக இருக்கும். மகள் பெயர் மேல் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள். பிறகு என் தவறையும் சொன்னேன். “கம்ப்யூட்டர் பண்ணுனதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க மாமா” என்றாள். கம்ப்யூட்டர் பண்ணவில்லை, நான்தான் பண்ணினேன் என்றேன்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் இது மட்டும் இல்லை. இத்தனை வருடம் யாரிடமும் சொல்லாத ஒன்று ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

1984. நான் ஓர் அலுவலகத்தில் சேர்ந்து மூன்று வருடம். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். ஒரு பழைய நிலப் பதிவேடு நைந்து போய்விட்டது. புதிதாக நகல் எழுதும் வேலை என் தலையில். அதில் கூட்டுப் பட்டாக்கள் நிறைய. கூட்டுப் பட்டாவும் பெட்டிக்குள் பெட்டிதான். ஒரே பட்டா எண். அதற்குள் பல பெயர்கள். பல சர்வே எண்கள். ஒவ்வொரு சர்வே எண்ணுக்குள் உட்பிரிவுகள். பழைய பதிவேட்டில் ஏதாவது மாற்றம் வந்தால் அந்த ஒரு பெயரைச் சிவப்பு மையால் அடித்து, மேலே புதுப் பெயர் எழுதி, உத்தரவு எண்ணும் தேதியும் போட்டு, சுருக்கொப்பம் வைப்பார்கள். மற்றப் பெயர்களை யாரும் தொடுவதில்லை. ஆனால் நகல் எழுதுகிறபோது எல்லாவற்றையும் மறுபடி எழுதியாக வேண்டும். எதை எழுதவில்லையோ அது இல்லாமல் போகும்.

ஓர் ஐந்து பெயர் பட்டாவில் நான் நாலு பெயர்தான் எழுதினேன். மூன்றாவது பெயர் விட்டுப்போயிற்று. அண்ணன் தம்பிகளுக்கு நடுவே, காலமான ஒருவருடைய மனைவியின் பெயர் அது. ஒப்பிட்டுப் பார்த்தவரும் கவனிக்கவில்லை.

ஏழு வருடம் கழித்து அந்த அம்மா ஏதோ கடனுக்காக வந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர். பதிவேட்டைப் பார்த்துவிட்டுப் பெயர் இல்லை என்று சொன்னார்கள். “என் பேரு எங்கய்யா போச்சு? யாரு எடுத்தா?” என்று கேட்டார். நான் நாலு மேஜை தள்ளி உட்கார்ந்திருந்தேன். பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். கையெழுத்து என்னுடையது.

சொன்னேனா? சொல்லவில்லை. அந்த அம்மாவுக்கு மனு எழுதிக் கொடுத்தேன், காசு வாங்காமல். நல்ல பிள்ளை என்று வாழ்த்தினார். மைத்துனர் ஒருவர் சம்மதிக்க மறுத்ததால் விசாரணை இழுத்து, பெயர் திரும்ப ஏற இரண்டு வருடம் ஆயிற்று. அந்த வாழ்த்தை நான் இன்னும் செரிக்கவில்லை.

இரண்டு தவறும் ஒரே தவறுதான் என்று அன்றிரவு புரிந்தது. உள்ளே ஒன்றைத் திருத்துகிறோம் என்று நினைக்கிறோம். உண்மையில் முழுவதையும் மறுபடி எழுதுகிறோம். போஸ்ட்கிரெஸும் அப்படித்தானாம். உள்ளறையில் ஒரு சொல்லை மாற்றினாலும் அந்த வரிசை முழுவதையும் புதிதாக எழுதி, பழையதை ஒதுக்கிவிடும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் அந்தக் கட்டத்தை முழுதாக எடுத்துத் தனித்தனியே திருத்தித் திரும்ப வைத்தால், பின்னால் வைத்தவருடையது நிற்கும், முன்னால் வைத்தவருடையது சத்தமில்லாமல் போகும்.

தீபாவளிக்குப் பேரன் வந்தபோது இரண்டு பேரும் உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றினோம். உங்களில் சங்கம், கோயில் கமிட்டி, சீட்டுக் கணக்கு என்று கம்ப்யூட்டரில் வைத்திருப்பவர்கள் இருக்கலாம். அதனால் செய்ததைச் சொல்லி வைக்கிறேன்.

நியமனதாரரையும் பிள்ளைகளையும் பெட்டியிலிருந்து வெளியே எடுத்துத் தனிப் பதிவேடாக்கினோம். ஓர் ஆளுக்கு ஒரு வரிசை, உறுப்பினர் எண்ணால் இணைப்பு. காட் சொன்ன பழைய ஒழுங்குதான். பேரன் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. “பெட்டி முறையே தப்புன்னு சொல்றீங்களா தாத்தா?” என்றான். இல்லை. ரத்த வகை, என்ன மாத்திரை, எந்த ஊர் பூர்வீகம் என்பதெல்லாம் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும். ஆளுக்கு ஆள் வேறுபடும், பார்ப்பதற்கு மட்டும்தான். எது அடிக்கடி மாறுமோ, எதை நம்பிக் காசு கைமாறுமோ, அது தனி வரிசையில் நிற்க வேண்டும். யோசித்துவிட்டுச் சரி என்றான்.

பெட்டிக்குள் திருத்தும்போது இன்னொரு வேடிக்கையும் இருந்தது. சில வரிசைகளில் ‘கைபேசி’, ‘கைப்பேசி’ என்று இரண்டு அறைகள் கிடந்தன. ஒற்று மிகுமா மிகாதா என்பது தமிழாசிரியர்கள் பாடு. மெஷினுக்கு அவை இரண்டு வெவ்வேறு அறைகள். இல்லாத அறையின் பெயரைச் சொன்னால் அந்தக் கட்டளை தானே புது அறை கட்டிவிடும். கடைசியில் ‘வேண்டாம்’ என்று ஒரு சொல் சேர்த்தால் கட்டாது. இப்போது சேர்த்திருக்கிறோம். பட்டியலில் மெஷின் பூஜ்யத்திலிருந்து எண்ணும். இரண்டு என்றால் அது மூன்றாவது பிள்ளை. அதனால் எண்ணால் திருத்துவதை விட்டு, பெயரைத் தேடித் திருத்துகிறோம்.

குடும்பம் கட்டம் வெறுமையாக இருக்கவே கூடாது என்று தரவுத்தளத்துக்கே உத்தரவு போட்டிருக்கிறோம். இனி என் மாதிரி யாராவது செய்தால் மறுத்துவிடும். எந்தத் திருத்தமும் முதலில் தற்காலிகம்தான். பழையதையும் புதியதையும் பார்த்துவிட்டு உறுதி செய்தால்தான் நிற்கும். இல்லையென்றால் ‘ரோல்பேக்’ என்று திருப்பிவிடலாம். எல்லாத் திருத்தமும் இன்னொரு பதிவேட்டில் தானாக ஏறும்: பழையது என்ன, புதியது என்ன, எந்தத் தேதி, யார் செய்தது. “இதுக்குப் பேரு ஆடிட் டேபிள் தாத்தா” என்றான் பேரன். இதற்குப் பெயர் சிவப்பு மை என்றேன் நான்.

1993-ல் நம் தென்னாற்காடு மாவட்டம் பிரிந்தபோது இந்தப் பக்கம் தென்னாற்காடு வள்ளலார் மாவட்டம் ஆயிற்று. 1997-ல் தலைவர்கள் பெயர்களை நீக்கியபோது கடலூர் மாவட்டம் ஆயிற்று. ஒவ்வொரு முறையும் படிவத்தில் அடித்து எழுதி, ரப்பர் ஸ்டாம்பு மாற்றி, எத்தனை கை வலி! இருந்தாலும் அடித்து எழுதியதன் அடியில் பழைய பெயர் படிக்கும்படி இருக்கும். அது நல்ல வழக்கம்.

ஒன்றை மட்டும் நான் பிடிவாதமாகச் சேர்த்தேன். ஜமாபந்தி. வருவாய்க் கணக்குகளைப் பசலி முடிகிற சமயத்தில் வருடா வருடம் கொண்டுபோய் வைத்துத் தணிக்கை செய்வது நீங்கள் அறிந்ததே. அதுபோல நம் சங்கத்திலும் வருடத்துக்கு ஒரு நாள் ஒவ்வொருவரையும் அருகில் அழைத்து, அவர் எழுதிக் கொடுத்த நியமனதாரர் யார் என்று படித்துக் காட்டி, அச்சிட்ட தாளில் கையெழுத்து வாங்குகிறோம். முதல் வருடமே மூன்று தவறுகள் அகப்பட்டன. மூன்றும் உயிரோடு இருக்கும்போதே அகப்பட்டன.

தாளை மகளுக்குக் கொடுத்துவிட்டேன் என்று சொன்னேன் அல்லவா? அசலைக் கொடுத்தேன். நகல் என்னிடம் இருக்கிறது, தகரப் பெட்டியில், 2023 கட்டில். 1984-ல் விட்டுப்போன அந்த அம்மாவின் பெயரை இங்கே எழுதவில்லை, அவர் இப்போது இல்லை. கேட்டிருக்க வேண்டிய மன்னிப்பை அவரிடம் கேட்காமலே விட்டவன் நான். இந்தக் கட்டுரை அதற்கு ஈடாகாது. இருந்தாலும் என் கையெழுத்துத்தான் என்பதை ஒரு முறையாவது எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது.

நீங்களும் உங்கள் பாஸ்புக்கையும் பென்ஷன் காகிதத்தையும் இந்த வாரம் ஒருமுறை எடுத்து, நியமனதாரர் இடத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிற பெயர்தானா என்று பாருங்கள்.